பாரமும் பாதுகாப்பும்

களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலையின் வாயிலருகே காலை வேளையிற் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலப்படும். ஒரே வீதியிலே, முற்றிலும் வேறுபட்ட பாரமுடைய வாகனங்கள் ஒன்றையொன்று உரசுவது போலச் செல்கின்றன. நோயாளியை ஏற்றிவரும் முச்சக்கரவண்டி ஏறக்குறைய 350 கிலோ நிறையுடையது. அதன் பின்னால் வரும் சுசுக்கி வாகன் ஆர் கார் சுமார் 800 கிலோ. அதற்கும் பின்னால், உயர்ந்த முகப்போடு வருகின்ற, பொதுமக்கள் ‘ஜீப்’ என்றே வழங்குகின்ற சிறிய எஸ்.யு.வி. வண்டியோ 1,000 கிலோ முதல் 1,700 கிலோ வரை நிறையுடையதாக இருக்கும்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னர் இவ்வகை வண்டிகள் கொழும்பு வீதிகளிலே பெருகின. இவற்றை விரும்புவோர் கூறும் காரணங்களுள் ஒன்று, “பாரமான வண்டி பத்திரமான வண்டி” என்பதாகும். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மையே.

முதலில், இவ்வண்டிகளுக்குப் பாரம் எங்கிருந்து வருகிறது என்பதை நோக்குதல் வேண்டும். டொயோட்டா ரெய்ஸ், டாட்டா நெக்சன் ஆகிய இரண்டும் நான்கு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீளமுடையவை. எனினும் முன்னது ஏறக்குறைய 1,000 கிலோ. பின்னது சுமார் 1,200 கிலோ. ஒரே நீளமுடைய வண்டிகளுக்கிடையே இவ்வேறுபாடு தோன்றுவதற்குக் காரணங்கள் பல. பயணிகள் அமரும் கூட்டைச் சுற்றி அமைக்கப்படும் உருக்குத் தூண்களும் கதவுகளுக்குள்ளே மறைந்திருக்கும் குறுக்குச் சட்டங்களும் ஒரு பகுதி. பெரிய சில்லுகள், கூரைக் கண்ணாடி, தடித்த ஆசனங்கள், ஓசையை அடக்கும் விரிப்புகள் முதலியன மற்றொரு பகுதி. நான்கு சில்லுகளுக்கும் விசை செலுத்தும் அமைப்பைச் சேர்த்தால் மேலும் எழுபது, எண்பது கிலோ கூடும். மின்சார வண்டியாயின் மின்கலத்தின் பாரமும் சேர்கின்றது. பீ.வை.டி. அட்டோ 3 என்னும் வண்டி சுமார் 1,700 கிலோ நிறையை எட்டுவதற்கு, அதன் தரைக்கடியிலே கிடக்கும் மின்கலமே முக்கிய காரணம்.

இவற்றுள் எல்லாப் பாரமும் உயிரைக் காக்கும் பாரம் அன்று. சுசுக்கி ஜிம்னி இதற்கு நல்லதோர் உதாரணம். மூன்றரை மீற்றர் நீளமேயுள்ள அவ்வண்டி, ஏறக்குறைய அதே நீளமுடைய வாகன் ஆர் காரைவிடச் சுமார் 300 கிலோ கூடுதலானது. கரடுமுரடான பாதைக்கென்று ஏணி போன்ற தனி அடிச்சட்டம் அதற்கு உண்டு. ஆயினும் 2018இல் ஐரோப்பியப் பாதுகாப்புச் சோதனையான யூரோ என்கேப்பில் அது பெற்றவை ஐந்தில் மூன்று நட்சத்திரங்களே. அதே ஆண்டு டிசம்பரில், குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரங்களைப் பெற்ற முதலாவது இந்தியத் தயாரிப்பு என்ற பெயரை டாட்டா நெக்சன் பெற்றது. சோதனைகள் வேறாயினும் பாடம் ஒன்றே: பாரம் எவ்வளவு என்பதைவிட, அது எங்கே, எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

நல்ல வண்டியின் முன்பகுதி மோதலின்போது மடிந்து நொறுங்க வேண்டும். பயணிகள் இருக்கும் கூடு மடியாது நிற்க வேண்டும். முன்பகுதி மடியும் கணப்பொழுதிலே மோதலின் விசை தணிகின்றது. இதற்கு வேண்டியது கனத்த உருக்கு அன்று. உறுதியான உருக்கும், அதை உரிய இடத்தில் அமைக்கும் அறிவுமே.

அப்படியானால் பாரத்தால் நன்மையே இல்லையா? இரண்டு வாகனங்கள் நேருக்கு நேர் மோதும்போது உண்டு. 1,600 கிலோ வண்டியும் 800 கிலோ காரும் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் எதிரெதிரே வந்து மோதிச் சிக்கிக்கொள்வதாகக் கொள்வோம். அவை இரண்டும் பாரமான வண்டி சென்ற திசையிலேயே ஏறக்குறைய 17 கிலோமீற்றர் வேகத்தில் நகரும். பாரமான வண்டியின் வேகம் 50இலிருந்து 17ஆகக் குறைகிறது, மாற்றம் 33. சிறிய காரோ 50 கிலோமீற்றர் வேகத்தை இழந்ததுமன்றி, 17 கிலோமீற்றர் வேகத்திற் பின்னோக்கியும் தள்ளப்படுகிறது, மாற்றம் 67. அதாவது பெரிய வண்டியில் இருப்பவர் பெறும் நலன் வானத்திலிருந்து வருவதன்று. எதிர் வண்டியில் இருப்பவரின் உடலிலிருந்தே அது கழிக்கப்படுகிறது. எதிரே வருவது முச்சக்கரவண்டியாயின் கணக்கு இன்னும் கொடியது. இலங்கையிலே பதிவு செய்யப்பட்ட முச்சக்கரவண்டிகள் பத்து இலட்சத்துக்கும் அதிகம் என்பதை இவ்விடத்தில் நினைவிற் கொள்ள வேண்டும்.

இந்த அநீதியை உணர்ந்தே யூரோ என்கேப் 2020இல் புதிய சோதனையொன்றைப் புகுத்தியது. 1,400 கிலோ நிறையுடைய தள்ளுவண்டியும் காரும் 50 கிலோமீற்றர் வேகத்தில் எதிரெதிரே வந்து மோத விடப்படுகின்றன. தள்ளுவண்டியின் முகப்பைக் கடுமையாகச் சிதைக்கும் காருக்குப் புள்ளிகள் குறைக்கப்படுகின்றன. தன்னைக் காத்துக்கொள்வதோடு பிறரைக் கெடாதிருத்தலும் பாதுகாப்பே என்பது இதன் கருத்து.

எதிரே மற்றொரு வாகனமின்றி, மதகுச் சுவரிலோ பெருமரத்திலோ மோதும்போது பாரத்தின் அனுகூலம் மறைந்துவிடுகிறது. சுவர் பின்வாங்காது. கூடிய பாரம் கூடிய ஆற்றலையே கொண்டு வரும். அதனையும் வண்டியின் முன்பகுதியே தாங்க வேண்டும். உயரமான வண்டி வளைவில் கவிழும் அபாயமும் கூடுதல். வண்டியைத் தானே நிலைப்படுத்தும் மின்னணுக் கருவி இவ்வபாயத்தைப் பெரிதும் குறைக்கின்றது.

நடந்து செல்பவர் விடயத்திலோ பாரத்தைவிட முகப்பின் உயரமும் வேகமுமே முக்கியம். 800 கிலோவாயினும் 1,700 கிலோவாயினும், மனித உடலுக்கு முன் இரண்டும் மலையே. தாழ்ந்த முகப்பு காலில் மோதி ஆளை மேலே சரிக்கும். உயர்ந்த முகப்பு இடுப்பிலும் மார்பிலும் மோதிக் கீழே வீழ்த்தும். சிறுவராயின் தலையிலேயே மோதும். வேகம் மணிக்கு 50 கிலோமீற்றரிலிருந்து 70 ஆக உயர்ந்தால் மோதலின் ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்காகும். நகரப் பகுதியில் 50 என்ற எல்லை வீணாக விதிக்கப்பட்டதன்று.

ஆகவே வண்டி வாங்குவோர் நிறையைக் கேட்டு நிறைவடையாமல், அது சோதனையிற் பெற்ற மதிப்பு என்ன, காற்றுப்பைகள் எத்தனை, நிலைப்படுத்தும் கருவி உண்டா என்று கேட்டறிதல் நன்று. பின்னாசனத்தில் இருப்போரும் ஆசனப் பட்டி அணிதல் வேண்டும். பட்டியின் பாரம் மிகச் சொற்பம். அது காக்கும் உயிருக்கோ விலையில்லை.

எத்துணைப் பெரிய வண்டியில் வருபவரும் வைத்தியசாலையின் எதிர்ப்புறத்தில் இறங்கினால், வாயிலை அடைய வீதியைக் கடந்தேயாக வேண்டும். அவ்வேளை அவரைச் சுற்றி உருக்குக் கூடும் இல்லை, காற்றுப்பையும் இல்லை. அந்தச் சில அடி தூரத்தில் அவருடைய உயிர், வந்துகொண்டிருக்கும் மற்றொரு சாரதியின் நிதானத்திலேயே தங்கியிருக்கிறது.