மீண்டும் ஏறிய எடை

உடல் மிகப் பருத்த ஒருவர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு இளைக்கிறார். சில ஆண்டுகள் சென்றபின் எடை மீண்டும் ஏறுகிறது. உடனே ஊரார் கூறுவது யாது? “வாயைக் கட்டத் தெரியாதவர், பணமும் போயிற்று, பலனும் போயிற்று” என்பதே. தேர்வில் தவறிய மாணவனைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும் ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். இதுவும் அவ்வகைத் தீர்ப்புத்தான். காரணத்தை விசாரியாத தீர்ப்பு.

இச்சிகிச்சைகளுள் இரண்டு பெருவழக்கில் உள்ளன. ஒன்றில், இரைப்பையின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை நீக்கிவிட்டு, எஞ்சியதை வாழைக்காய் போன்றதொரு குழாயாக விட்டுவிடுகிறார்கள். மற்றொன்றில், இரைப்பையின் மேற்பகுதியில் முட்டையளவு சிறு பையை மட்டும் பிரித்து, அதனை நேரே சிறுகுடலோடு இணைக்கிறார்கள். இந்த மாற்றுவழிச் சிகிச்சையை 1966ஆம் ஆண்டில் தொடங்கிவைத்தவர் அமெரிக்க நாட்டு அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்டு மேசன். குடற்புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை இழந்தவர்கள் இளைத்துப்போவதைக் கண்டதே அவருக்குத் தூண்டுகோல்.

இடம் குறைவதால் மட்டும் உடல் இளைப்பதில்லை. பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்னும் சுரப்புநீரை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1999இல் கண்டறிந்தனர். அது பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியிலேயே ஊறுகிறது. அப்பகுதி நீங்கினால் பசியும் தணிகிறது.

அங்ஙனமாயின் எடை ஏன் திரும்புகிறது? 1994இல் நியூயார்க்கில் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் கண்ட ‘லெப்டின்’ இதற்கு ஒரு விடை தருகிறது. உடற்கொழுப்பே இதனைச் சுரந்து, “சேமிப்பு போதும்” என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. கொழுப்பு கரைந்தால் செய்தி குன்றும். மூளையோ, பஞ்சம் வந்துவிட்டது என்று கொள்கிறது, பசியைப் பெருக்கும், செலவைச் சுருக்கும். நாம் விரும்பி இளைத்தோம் என்பது அதற்குத் தெரியாது.

ஸ்வீடன் நாட்டில் 1987இல் தொடங்கிய பேராய்வு ஒன்று இருக்கிறது. அதன் முடிவுகள் 2007இல் வெளிவந்தபோது, மாற்றுவழிச் சிகிச்சை பெற்றவர்கள் முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கு 32 பங்கு எடை இழந்ததாகவும், பத்தாண்டு கழித்து அந்த இழப்பு 25 பங்காக நின்றதாகவும் தெரிந்தது. கணக்கிட்டுப் பாருங்கள்: 120 கிலோ இருந்தவர் 82 வரை இறங்கி, 90இல் நிலைபெறுகிறார். ஆக, ஓரளவு ஏறுவதே இயற்கை. இதனை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன். இழந்த எடையின் பெரும்பகுதி திரும்பிவிட்டவர்களுக்கே இரண்டாம் அறுவை பற்றிய கேள்வி எழுகிறது.

அப்போது முதலில் அறிய வேண்டியது, அமைப்புக் கெட்டிருக்கிறதா என்பது. எண்டாஸ்கோப்பிக் குழாயை உட்செலுத்தியும், மருந்து பருகச்செய்து எக்ஸ்ரே எடுத்தும் டாக்டர்கள் பார்ப்பார்கள். குழாய் விரிந்திருக்கலாம், பையும் குடலும் கூடும் வாயில் அகன்றிருக்கலாம். அமைப்புச் செவ்வையாக இருந்தால், மீண்டும் கத்தியை எடுப்பதற்குமுன் வேறு காரணங்களைத் தேட வேண்டும்: ஸ்டீராய்டு போன்ற மருந்துகள், மனச்சோர்வு, மதுப்பழக்கம். குழாயாக்கப்பட்டவர்களுள் சிலருக்கு நெஞ்செரிச்சல் கடுமையாகிறது. அவர்களை மாற்றுவழிக்கு மாற்றுவது எடையைக் கருதாமலே நியாயமானது.

இரண்டாம் அறுவை முதலாவதைப் போன்றதன்று. பழைய தழும்பினால் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும்; இணைப்பு கசியும் அபாயம் கூடுதல்; இளைப்பதோ பெரும்பாலும் முதன்முறையைவிடக் குறைவு. குடலின் நீளம் மேலும் ஒதுக்கப்பட்டால் இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் பி12 ஆகியவற்றை ஆயுள் முழுதும் தவறாமல் உட்கொண்டாக வேண்டும். 2021இல் அமெரிக்காவில் எடைக்குறைப்புக்கு அனுமதிக்கப்பட்ட செமாகுளூட்டைடு என்னும் ஊசிமருந்தும் இப்போது ஒரு வழியாக உள்ளது. அதனை நிறுத்தினால் பெரும்பாலோர்க்கு எடை திரும்புகிறது.

என்னிடம் பயின்ற பெண்மணி ஒருவர், 112 கிலோவிலிருந்து 76க்கு இறங்கி, எட்டாண்டில் 98ஐ எட்டியவர், சென்ற மாதம் வந்து, “ஐயா, மறுபடியும் செய்துகொள்ளட்டுமா?” என்று கேட்டார். நான் மருத்துவன் அல்லேன். “அவசரம் எதற்கம்மா? உடம்புக்கு ஏதேனும் தொந்தரவா?” என்றேன். சற்று நேரம் பேசாதிருந்து, “அலுவலகத்தில் பார்க்கிறார்கள், ஐயா” என்றார். நான் ஒரு தாளை எடுத்து, டாக்டரிடம் அவர் கேட்க வேண்டிய வினாக்களை எழுதிக் கொடுத்தேன். அமைப்பில் குறை உண்டா? என் மருந்துகளில் ஏதேனும் எடையைக் கூட்டுகிறதா? ஊசிமருந்து எனக்குப் பொருந்துமா? மீண்டும் அறுத்தால் எத்தனை கிலோ எதிர்பார்க்கலாம், எந்த ஆபத்தோடு? எண்டாஸ்கோப்பிக்கு வரும் வாரம் நாள் குறித்திருக்கிறார்கள். அந்தத் தாளையும் எடுத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறார்.