மடலும் குறுஞ்செய்தியும்

இலக்கியச் சங்கம் ஒன்றின் செயலாளனாக இருந்து வருகிறேன். நல்ல சொற்பொழிவாளரைத் தேடிப் பிடிப்பதுகூட எளிது. கேட்கவிருப்போருக்கு உரிய நேரத்தில் சேதி சொல்வதே அரிது.

மின்னஞ்சல் இவ்வகையில் பெரிய உதவி. நிகழ்ச்சி நிரல், ஆண்டு வரவு செலவுக் கணக்கு, படிக்கவிருக்கும் கட்டுரை யாவற்றையும் ஒரே மடலில் இணைத்து அனுப்பலாம். வேண்டும்போது எடுத்துப் பார்க்கலாம். ஆயினும், அது வாயிலில் மாட்டிய தபால் பெட்டியை ஒத்தது. திறந்து பார்ப்பவரிடம் மட்டுமே பேசும். மாலைக் கூட்டம் மழையால் தள்ளிப்போனதை நண்பகலில் மடலாக எழுதினால், இரண்டு பேருந்து மாறி வரும் முதியவர் பூட்டிய மண்டபத்தைத்தான் காண்பார். எங்கள் உறுப்பினருள் பலர் எழுபதைக் கடந்தவர்கள்.

இங்கேதான் குறுஞ்செய்தி வேண்டியிருக்கிறது. அதற்கு இணையத் தொடர்பு தேவையில்லை; பொத்தான் வைத்த பழைய கைப்பேசிக்கும் வந்து சேரும். 1992 டிசம்பர் 3-ஆம் நாள் இங்கிலாந்தில் சென்ற முதற் குறுஞ்செய்தி ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து. ஆங்கிலமாயின் ஒரு செய்தியில் 160 எழுத்துகள் கொள்ளும். தமிழுக்கோ 70 இடங்களே. அதிலும் ஒரு வேடிக்கை. ‘கூட்டம்’ என்பது நம் கண்ணுக்கு நான்கெழுத்து. உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும் கருவிக்கு அது ஏழு! எனினும், “இன்றைய கூட்டம் மழையால் நாளை மாலை 5 மணிக்கு” என்பது இடைவெளி உட்பட 42 இடங்களில் அடங்கிவிடுகிறது. அடைமொழிகளை விட்டால் தமிழ் சுருங்கத் தயங்குவதில்லை. தந்தி எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. அத்தந்திச் சேவை நம் நாட்டில் 2013 ஜூலையில் நின்றுபோயிற்று.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018-இல் வகுத்த விதிகளை ஒட்டி, நிறுவனங்கள் தம் பெயரில் மொத்தமாகச் செய்தி அனுப்புவதற்கு, அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசக அமைப்பையும் முன்னரே பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆகையால் மழைக்கான வாசகத்தை வெயிற் காலத்திலேயே எழுதி, நாளுக்கும் நேரத்திற்கும் மட்டும் இடம் விட்டு வைப்பது அறிவுடைமை.

நாங்கள் அழைப்பையும் கணக்கையும் மின்னஞ்சலில் அனுப்புகிறோம்; முதல் நாள் நினைவூட்டலும் கடைசி நேர மாற்றமும் குறுஞ்செய்தியில் செல்கின்றன. வாழ்த்துகளை அதில் அனுப்புவதே இல்லை. அடிக்கடி ஒலிக்கும் மணியை யார் மதிப்பார்? எண்ணைப் பெறும்போதே உறுப்பினரின் இசைவையும் எழுத்தில் பெற்றுக்கொள்கிறோம்.

கைப்பேசியே வேண்டா என்றிருக்கும் இருவரும் எங்களிடம் உண்டு. அவர்களுக்கு இன்றும் அஞ்சலட்டைதான். மழை நாளில் மட்டும், பக்கத்து வீட்டார் எண்ணுக்கு, அவர்கள் சம்மதத்துடன், அந்த 42 இடச் செய்தி செல்கிறது.