தாழ்வான பணியிடங்களில் சிறு அகழ்பொறி

சிறு அகழ்பொறி என்பது 6 டன் அல்லது அதற்குக் குறைவான இயக்க எடை கொண்ட, மண் தோண்டும் பொறி ஆகும். பிரான்சு நாட்டின் பொக்லைன் நிறுவனத்தின் பெயர் தமிழில் எல்லா அகழ்பொறிகளுக்கும் பொதுப்பெயராகிவிட்டதால், தமிழ்நாட்டில் இதனை மினி பொக்லைன் என்பர். இவ்வகைப் பொறிகள் 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் சப்பானில் உருவாயின. இவற்றுள் மிகச் சிறியவை ஏறத்தாழ 1 டன் எடை கொண்டவை. வீட்டுக் கதவு வழியாகவே உள்ளே செல்லக்கூடியவை என்பதால், பழைய வீடுகளின் அடியில் நிலவறை தோண்டுவதற்கு இவை பெரிதும் பயன்படுகின்றன.

இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு இலண்டன் மாநகரம். அங்குள்ள தொடர்வீடுகளில் பக்கவாட்டிலும் மேலும் கட்ட இடமில்லாததால் உரிமையாளர்கள் கீழ்நோக்கித் தோண்டத் தொடங்கினர். கென்சிங்டன் செல்சி உள்ளாட்சிப் பகுதியில் இது மிகுந்துபோனதால், 2015 சனவரியில் புதிய நிலவறைகள் பெரும்பாலும் ஒரு தளத்துக்குள்ளும் தோட்டப் பரப்பில் பாதிக்குள்ளும் அடங்க வேண்டும் என்ற கொள்கை கொண்டுவரப்பட்டது.

அகலமும் உயரமும்

பிரித்தானிய வீடுகளின் உட்கதவு ஒன்றின் வழக்கமான அளவு 762 மில்லிமீட்டர் அகலம், 1981 மில்லிமீட்டர் உயரம். கதவைக் கழற்றினாலும் நிலைச்சட்டத்தின் விளிம்புகள் போகச் சுமார் 740 மில்லிமீட்டரே மிஞ்சும். 1 டன் பொறிகளின் தடங்களை உள்ளிழுத்து 700 மில்லிமீட்டராகச் சுருக்கலாம். ஆக, பக்கத்துக்கு 20 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கிறது. தாளில் இது போதுமானதாகவே தோன்றும். ஆனால் இதே அகலமுள்ள நீண்ட சந்தில், 1.2 மீட்டர் நீளமுள்ள தடம் 2 பாகை மட்டும் கோணலாக நின்றால், தேவைப்படும் அகலம் 742 மில்லிமீட்டரை எட்டிவிடும். எனவே பொறியை நுழைவதற்கு முன்பே நேராக நிறுத்த வேண்டும். உள்ளே போய்த் திருத்திக்கொள்ளலாம் என்பது நடவாது. மேற்பகுதி பின்பக்கமாகத் திரும்பியிருந்தால் நகர்வு நெம்புகோல்கள் எதிர்த்திசையில் வேலை செய்யும் என்பதையும் ஓட்டுநர் மறந்துவிடக் கூடாது. குறுகிய வழியில் சுவரை இடிப்பதற்கு இந்த ஒரு மறதி போதும்.

தடங்களைச் சுருக்கிய நிலை நகர்வதற்கு மட்டுமே உரியது. அந்நிலையில் கையைப் பக்கவாட்டில் திருப்பினால் பொறி எளிதில் கவிழும். உள்ளே சென்றதும் தடங்களை மீண்டும் விரித்து (இவ்வகைப் பொறிகளில் பொதுவாக 860 மில்லிமீட்டர் வரை), முன்பக்கத் தகட்டின் நீட்சிகளையும் பொருத்திய பின்னரே தோண்ட வேண்டும்.

உயரத்தில்தான் உயிராபத்து மிகுதி. கவிழ்வுக் காப்புச் சட்டம் நிமிர்ந்திருக்கும்போது பொறியின் உயரம் 2.2 மீட்டரை ஒட்டி இருக்கும். 1981 மில்லிமீட்டர் கதவுக்குள் அது நுழையாது. சட்டத்தை மடித்தால் நுழையும். ஆனால் மடித்தபின் பொறியின் மிக உயரமான பாகம் ஓட்டுநரின் தலைதான். லிண்டலுக்கும் நெம்புகோல்களுக்கும் இடையே அவர் உடல் அழுந்தினால், அந்த அழுத்தத்திலேயே நெம்புகோல் தொடர்ந்து தள்ளப்பட்டுப் பொறி நகர்ந்துகொண்டே இருக்கும்; அதை நிறுத்த அவருக்குக் கை இருக்காது. ஆகவே அளவிடும்போது ஓட்டுநரை இருக்கையில் உட்காரவைத்து, தலைக்கவசத்தோடு சேர்த்து அளக்க வேண்டும். இடைவெளி போதாதெனில் தரையைத் தாழ்த்த வேண்டும், அல்லது வேறு வழி தேட வேண்டும். குனிந்துகொண்டு ஓட்டிவிடலாம் என்ற யோசனைக்கு இடமே கொடுக்கக் கூடாது. வாயிலைக் கடந்தவுடன் சட்டத்தை மீண்டும் நிமிர்த்திப் பூட்டி, இருக்கைப் பட்டையை அணிய வேண்டும்.

சரிவுப் பாதை

நிலவறைக்குள் இறங்கும் சரிவு 15 பாகைக்கு மேற்படாமல் இருப்பது நல்லது. 1 மீட்டர் ஆழத்துக்கு அத்தகைய சரிவு ஏறத்தாழ 3.9 மீட்டர் நீளம் கொள்ளும். பலர் தவறவிடுவது சரிவின் தலைப்பகுதியை. பொறி விளிம்பைக் கடக்கையில் முதலில் மட்டமாகவே முன்னேறி, எடை மையம் விளிம்பைத் தாண்டியதும் சட்டென முன்னே சாயும். அப்போது பின்பக்கம் மேலெழும். தரையில் படியும் தடத்தின் நீளம் 0.9 மீட்டர் என்றால், அதன் பின்முனை ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் உயரும். சமதரையில் அளந்து 10 சென்டிமீட்டர் மிச்சம் என்று எழுதிவைத்தவர், லிண்டல் அந்த இடத்துக்கு மேலேயே இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப்பார்க்கலாம்.

தளம் தாங்குமா?

பிரித்தானியாவில் வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 150 கிலோகிராம் சுமைக்கு வடிவமைக்கப்படுகின்றன. பொறியின் 1 டன் எடையோ 1 சதுர மீட்டருக்கும் குறைவான பரப்பில் இறங்குகிறது. மரச்சட்டத் தளத்தின் மேல் அதை ஓட்டுவதற்கு முன் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும் அல்லது தளத்தையே பெயர்த்தெடுக்க வேண்டும். ஒட்டுப்பலகை விரிப்பது தரையைக் கீறலிலிருந்து காக்குமேயன்றி எடையைக் குறைக்காது.

உள்ளே மேல்தளத்தைத் தாங்கி நிற்கும் முட்டுகளும் உண்டு. சுழலும் பொறி அவற்றில் ஒன்றைத் தட்டினால் வீடே சரியக்கூடும். அதனால் முட்டுகளைச் சுற்றித் தடுப்பு வைத்து, சுழற்சி எல்லையைத் தரையில் குறித்துவைப்பர். தொளதொளப்பான மேலங்கி நெம்புகோலில் சிக்கிப் பொறி தானே சுழன்ற விபத்துகளும் உண்டு. இருக்கையை விட்டு எழுமுன் நீரழுத்தப் பூட்டை இட்டு, எந்திரத்தை நிறுத்துவது இதற்காகவே.

காற்று

மூடிய இடத்தில் டீசல் புகை வெளியேறாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. பிரித்தானியாவில் பணியிடக் காற்றில் அதன் 8 மணி நேரச் சராசரி 20 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் டீசல் புகையைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்தது. வளிக் கண்டறி கருவியும், புகையை வெளியே இழுக்கும் குழாயும் விசிறியும் இன்றியமையாதவை. மின்கல அகழ்பொறிகள் இச்சிக்கலைப் பெரிதும் நீக்குகின்றன. ஜேசிபி நிறுவனம் 2018இல் அறிமுகப்படுத்திய 1.9 டன் மின்பொறி, 2020இல் பிரித்தானியாவின் மேக்ராபர்ட் பொறியியல் விருதைப் பெற்றது.

வெளியேறும் வழி

தோண்டி முடிக்கும்போது, வந்த சரிவே தோண்டப்பட்டு மறைந்திருக்கும். எனவே பொறி எப்படி வெளியேறும் என்பதை உள்ளே விடும் முன்பே முடிவு செய்வர். பெரும்பாலும் முன்முற்றத்துத் திறப்பு வழியாகக் கிரேன் கொண்டு தூக்குவர். அதற்குத் தயாரிப்பாளர் குறித்துள்ள தூக்கு புள்ளிகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும், கீழே எவரும் நிற்கக் கூடாது. இலண்டனில் சில பொறிகள் மேலே எடுக்கப்படாமல் அடியிலேயே புதைக்கப்படுகின்றன என்று 2014இல் இதழ் ஒன்றில் வந்த கட்டுரை பரபரப்பாகப் பேசப்பட்டது. அதை மறுத்தோரும் உண்டு.