ஒரே நாளில் எவ்வளவு தூரம்?

கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தின் ஓரத்தில் நெட்டுக்குப்பம் என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. சென்னையிலிருந்து வடக்கே செல்லும் இருப்புப்பாதை அருகிலுள்ள எண்ணூர் வழியாகச் செல்கிறது. கும்மிடிப்பூண்டிக்கும் சூளூர்ப்பேட்டைக்கும் போகும் புறநகர் மின் ரயில்கள் எண்ணூர் நிலையத்தில் நின்று போகும். டெல்லிக்குச் செல்லும் நெடுந்தூர ரயில்களோ நிற்காமல் பாய்ந்து சென்றுவிடும்.

இந்த ஊரில் வாழும் ஒரு மாணவிக்கு ஓர் ஆசை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரே நாளில், ரயிலில் மட்டும் சென்று, எவ்வளவு நீண்ட பயணம் செய்ய முடியும்? "இதிலென்ன கடினம்? இருப்பதிலேயே வேகமான ரயிலில் ஏறி உட்கார வேண்டியதுதானே!" என்று நீங்கள் சொல்லக்கூடும். அந்த விடை சரிதானா என்று பார்ப்போம்.

ஒரு நாள் என்பது என்ன?

நம் நாட்டில் மிக நீண்ட தூரம் ஓடும் ரயில்களில் ஒன்று திப்ருகர்–கன்னியாகுமரி விவேக் எக்ஸ்பிரஸ். 4,000 கி.மீ.க்கும் அதிகமான தூரத்தை அது கடக்கிறது. ஆனால் அதற்கு மூன்று நாட்களுக்கு மேல் ஆகிறது. நமக்கு வேண்டியது ரயிலின் மொத்தத் தூரம் அன்று. ஒரு நாளில் அது கடக்கும் தூரமே. அதைக் கணக்கிடச் சராசரி வேகம் தெரிய வேண்டும். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கிடைப்பது அது. நிலையங்களில் நின்ற நேரமும் இந்த மொத்த நேரத்தில் அடக்கம்.

சென்னையிலிருந்து டெல்லிக்குத் தூரம் ஏறத்தாழ 2,180 கி.மீ. ராஜதானி எக்ஸ்பிரஸ் இதனைச் சுமார் 28½ மணி நேரத்தில் கடக்கிறது. சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 76 கி.மீ. 1976-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அதே தூரத்துக்குச் சுமார் 33 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அதன் சராசரி வேகம் மணிக்கு 66 கி.மீ. ஆகவே ராஜதானியே வெற்றி பெறும் என்று தோன்றுகிறது, இல்லையா?

"ஒரு நாள்" என்பதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். புறப்பட்ட நிமிடத்திலிருந்து 24 மணி நேரம் என்பது ஒன்று. நாட்காட்டியில் உள்ள நாள், அதாவது நள்ளிரவு 12 முதல் அடுத்த நள்ளிரவு 12 வரை என்பது மற்றொன்று.

முதல் பொருளின்படி ராஜதானி 76 × 24 = 1,824 கி.மீ. செல்லும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 66 × 24 = 1,584 கி.மீ. செல்லும். ராஜதானிக்கே வெற்றி.

இரண்டாவது பொருளை எடுத்துக்கொண்டால் முடிவு தலைகீழாகிறது. ராஜதானி சென்னையை விட்டுக் கிளம்புவது காலை ஆறு மணி அளவில். நள்ளிரவு வரை அதற்குக் கிடைப்பது 18 மணி நேரமே. 76 × 18 = 1,368 கி.மீ. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் முந்தின நாள் இரவு பத்து மணி அளவில் கிளம்பிவிடுகிறது. நள்ளிரவு மணி 12 அடிக்கும்போது அது கூடூர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த நள்ளிரவில் போபாலைக் கடந்து ஜான்சியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். நாள் முழுவதும், 24 மணி நேரமும், அதற்குப் பயன்பட்டுவிட்டது. தூரம் 1,584 கி.மீ.!

முயல்–ஆமைக் கதையில் முயல் தூங்கியதால் தோற்றது. இங்கே முயல் தூங்கவே இல்லை. தாமதமாகப் புறப்பட்டது, அவ்வளவுதான். ஒரு கணக்கைப் போடுவதற்கு முன்பு அதிலுள்ள சொற்களுக்குப் பொருள் வரையறுப்பது எவ்வளவு முக்கியம் என்பதை இது காட்டுகிறது.

இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும்

டெல்லிப் பாதையில் போனால் நம் மாணவி அன்றிரவு வீட்டுக்கு வர முடியாது. எனவே புதிய நிபந்தனை ஒன்றைச் சேர்ப்போம்: எண்ணூரில் புறப்பட்டு அன்றே எண்ணூருக்குத் திரும்ப வேண்டும்.

இதற்கும் ஒரு வேகமான வழி உண்டு. 2022 நவம்பரில் தொடங்கிய சென்னை–மைசூர் வந்தே பாரத் ரயில் விடியற்காலையில் சென்னை சென்ட்ரலை விட்டுக் கிளம்பி, மதியம் மைசூரை அடைந்து, இரவுக்குள் திரும்பி வருகிறது. ஒரு வழித் தூரம் ஏறத்தாழ 500 கி.மீ.; போக வர 1,000 கி.மீ. ஆனால் எண்ணூரிலிருந்து சென்ட்ரல் 16 கி.மீ. தள்ளியிருக்கிறது. காலையில் எண்ணூருக்கு வரும் மின் ரயில் பத்து நிமிடம் தாமதமானாலும் அந்த ஆயிரம் கிலோமீட்டரும் கைநழுவிப் போகலாம். பெரிய பயணத்தின் தலைவிதி 16 கி.மீ. துண்டில் அடங்கியிருக்கிறது!

போன பாதையிலேயே திரும்பி வருவதில் சுவை இல்லை என்று நீங்கள் கருதினால், மேலும் ஒரு நிபந்தனை: ஒரு பாதைத் துண்டில் ஒருமுறைதான் செல்லலாம். ஜப்பானில் டோக்கியோ போன்ற நகரங்களைச் சுற்றி இப்படி ஒரு விளையாட்டே நடக்கிறது. அங்கே குறிப்பிட்ட நகர்ப்புற எல்லைக்குள், பக்கத்து நிலையத்துக்கான சிறு கட்டணச் சீட்டை வைத்துக்கொண்டு எவ்வளவு சுற்றுவழியாகவும் போகலாம். ஒரே நிலையத்தை இருமுறை கடக்கக் கூடாது. நிலையத்தைவிட்டு வெளியே வரக் கூடாது. அன்றைக்கே பயணத்தை முடிக்க வேண்டும். ரயில் ஆர்வலர்கள் விடியற்காலை முதல் இரவு வரை இப்படிச் சுற்றி வருகிறார்கள். நம் நாட்டில் இந்தச் சலுகை இல்லை. செல்லும் வழிக்குரிய சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனி நம் வரைபடத்தைப் பார்ப்போம். எண்ணூரிலிருந்து தெற்கே வந்தால் கொருக்குப்பேட்டை. அங்கே பாதை பிரிகிறது. ஒரு கிளை பேசின் பிரிட்ஜ் வழியாகச் சென்ட்ரலுக்குச் செல்கிறது. மற்றொன்று வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாகக் கடற்கரை நிலையத்துக்குச் செல்கிறது. ராயபுரம் சாதாரண நிலையம் அன்று. தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் 1856 ஜூலை 1-ஆம் நாள் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு, அங்கிருந்து காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம், பிறகு பெரம்பூர் வழியாகச் சென்ட்ரல் என்று ஒரு வளையம் கிடைக்கிறது.

ஆனால் சென்ட்ரலிலிருந்து எண்ணூருக்கு வர, கொருக்குப்பேட்டை–எண்ணூர்ப் பாதையில் மறுமுறை பயணம் செய்தே ஆகவேண்டும். நிலையங்களைப் புள்ளிகளாகவும் பாதைகளைக் கோடுகளாகவும் கொண்டு ஆராயும் கணிதப் பிரிவுக்குக் கோட்டுருவியல் என்று பெயர். ஒரு கோட்டை அழித்தால் படம் இரண்டாகத் துண்டுபட்டுவிடும் என்றால் அக்கோட்டைப் 'பாலம்' என்பார்கள். பாலத்தைத் தாண்டிப் போனவர் அதே பாலத்தின் வழியாகத்தான் திரும்ப முடியும். மின் ரயில் படத்தில் கொருக்குப்பேட்டை–எண்ணூர் இத்தகைய பாலமே.

இதற்குப் பரிகாரம் உண்டா? உண்டு; படத்தைப் பெரிதாக்க வேண்டும். மின் ரயில் எல்லையைத் தாண்டி வடக்கே போனால் கூடூர் சந்திப்பு. அங்கிருந்து ரேணிகுண்டாவுக்கு ஒரு பாதை உண்டு. ரேணிகுண்டாவிலிருந்து அரக்கோணத்துக்கும் பாதை உண்டு. இப்போது பாலம் மறைந்து பெரிய வளையம் ஒன்று தோன்றுகிறது! தூரங்களைத் தோராயமாகக் கூட்டுவோம்.

எண்ணூர்–கூடூர் 122 கி.மீ.
கூடூர்–ரேணிகுண்டா 83 கி.மீ.
ரேணிகுண்டா–அரக்கோணம் 66 கி.மீ.
அரக்கோணம்–செங்கல்பட்டு 68 கி.மீ.
செங்கல்பட்டு–கடற்கரை 60 கி.மீ.
கடற்கரை–எண்ணூர் 17 கி.மீ.

மொத்தம் 416 கி.மீ. ஒரு துண்டுப் பாதையைக்கூட இருமுறை தொடாமல் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

வரைபடத்தில் வழி இருந்தால் போதாது. ரயிலும் இருக்க வேண்டும். ஆகவே கால அட்டவணையைக் கையில் எடுப்போம். இங்கே பலரும் செய்யும் தவறு, ஒவ்வொரு நிலையத்திலும் அப்போதைக்கு மிக நீண்ட தூரம் கொண்டுபோகும் ரயிலைத் தேர்ந்தெடுப்பது. ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பாருங்கள்.

அ என்ற நிலையத்தில் காலை 10 மணிக்கு இரண்டு ரயில்கள் நிற்கின்றன. ஒன்று 120 கி.மீ. ஓடி 12 மணிக்கு ஆ நிலையத்தை அடைகிறது. மற்றொன்று 80 கி.மீ. மட்டும் ஓடி 12 மணிக்கு இ நிலையத்தை அடைகிறது. ஆ நிலையத்தில் அடுத்த ரயில் 3 மணிக்குத்தான்; அதன்பின் நாள் முடிவதற்குள் 60 கி.மீ.தான் போக முடியும். இ நிலையத்தில் 12.15-க்கே ரயில் உண்டு. அதில் ஏறினால் இன்னும் 200 கி.மீ. போகலாம். முதல் வழியில் 180. இரண்டாம் வழியில் 280. முதலில் தோற்றதுபோல் தெரிந்த ரயிலே வென்றது.

எனவே கணக்கைக் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். ஆ நிலையத்தின் மேல் 60 என்றும் இ நிலையத்தின் மேல் 200 என்றும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அ நிலையத்துக்கு வந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். 1950-களில் அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்டு பெல்மன் வளர்த்தெடுத்த முறையின் சாரம் இதுதான்.

இதில் வியப்பான ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. ஒரு வரைபடத்தில் மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்க எளிய முறை உண்டு. டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-இல் அதை வெளியிட்டார். ஆனால் எந்த இடத்தையும் இருமுறை தொடாத மிக நீண்ட வழியைக் காண, எல்லா வரைபடங்களுக்கும் பொருந்தும் விரைவான முறை எதையும் இதுவரை எவரும் கண்டுபிடிக்கவில்லை. கணிப்பொறிகளையே திணற வைக்கும் கணக்கு அது. கால அட்டவணையில் மட்டும் அது எப்படி எளிதாயிற்று? காலம் முன்னோக்கியே செல்கிறது என்பதால்தான். 12 மணி ரயிலிலிருந்து இறங்கி 10 மணி ரயிலில் ஏற முடியாது. படத்தில் சுழன்று வரும் பாதையே இல்லாமற் போகிறது; ஆகவே கடைசியிலிருந்து ஒவ்வொரு படியாக எண்ணி வரலாம். 'ஒரு பாதையில் ஒருமுறைதான்' என்ற நிபந்தனையைச் சேர்த்தால் சிக்கல் திரும்ப வந்துவிடும். நம் படம் சிறியது என்பதால் கையாலேயே சமாளிக்கலாம்.

இணைப்பு தவறினால்?

416 கி.மீ. வளையத்தில் சூளூர்ப்பேட்டை, கூடூர், ரேணிகுண்டா, அரக்கோணம், செங்கல்பட்டு, கடற்கரை என ஆறு இடங்களில் ரயில் மாற நேரலாம். ஒவ்வோர் இடத்திலும் அடுத்த ரயிலைப் பிடிக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்பது என்று கொள்வோம். நல்ல வாய்ப்புதானே! ஆனால் ஆறும் சரியாக அமைவதற்கான நிகழ்தகவு 0.9-ஐ ஆறு முறை பெருக்கினால் வருவது. அதாவது சுமார் 0.53. நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை! ஒவ்வோர் இடத்திலும் சற்று அதிக நேரம் ஒதுக்கி வாய்ப்பை நூற்றுக்கு 99 ஆக உயர்த்தினால் மொத்த நிகழ்தகவு 0.94 ஆகிவிடுகிறது. நடைமேடையில் காத்திருக்கும் நேரம் வீண் அன்று என்பது இப்போது புரிகிறதல்லவா?

அந்த நேரத்தை எங்கே ஒதுக்குவது? கடற்கரை–தாம்பரம் பாதையில் ஒரு ரயிலைத் தவறவிட்டால் சற்று நேரத்தில் அடுத்தது வந்துவிடும். அரக்கோணம்–செங்கல்பட்டு இடையே ரயில்கள் மிகக் குறைவு. அங்கே ஒன்றைத் தவறவிட்டால் நாளே போய்விடும். எனவே அரிய ரயில்கள் உள்ள பகுதியைக் காலையிலும், அடிக்கடி ரயில் வரும் பகுதியை மாலையிலும் வைத்துக்கொள்வது அறிவுடைமை. நம் மாணவி முதலில் வடக்கே கூடூருக்குச் சென்று, கடைசியில் ராயபுரம் வழியாக வீடு திரும்புவதே நல்லது.

நீங்களும் முயன்று பாருங்கள். ஒரு வரைதாளில் கிடைக்கோட்டில் நேரத்தையும் செங்குத்துக் கோட்டில் நிலையங்களையும் குறியுங்கள். ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்கோடாக அமையும். கோடு எவ்வளவு செங்குத்தோ, ரயில் அவ்வளவு வேகம். நிற்கும் ரயில் கிடைக்கோடாகத் தெரியும். ரயில்வே கட்டுப்பாட்டு அறைகளிலும் இத்தகைய வரைபடத்தைக் கொண்டே ரயில்களின் போக்கைக் கண்காணிக்கிறார்கள். அட்டவணைகள் அவ்வப்போது மாறும். எனவே புதியதைப் பார்த்து வரையுங்கள். எண்ணூருக்குத் திரும்பும் கடைசி மின் ரயிலை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். 416 கி.மீ. வளையம் காலை முதல் ரயிலுக்கும் இரவு கடைசி ரயிலுக்கும் இடையே அடங்குகிறதா? அடங்காவிட்டால் எந்த ஓர் இணைப்பை மாற்றினால் அடங்கும்?