கண்ணிற்படும் திறப்பு

ஓகஸ்ட் 15ஆம் நாட் பெருவிழாவிற்கென மடுத் திருப்பதியை நாடி வருவோர் பலர், வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு நாட்கணக்கிற் கூடாரங்களில் தங்குகின்றனர். வீட்டுத் திறப்போ இடுப்பிலும் கழுத்திலும் வெளிப்படத் தொங்குகின்றது. அயற்கூடாரத்தார் “எந்த ஊர்?” என்று வினவ, ஊரும் தெருவும் சொல்லப்படுகின்றன. யாத்திரிகரை ஐயுறுதல் முறையன்று. ஆயினும், திறப்பைக் களவாட அதனைத் தொடவேண்டுவதில்லை என்பதைப் பலர் அறியார்.

வீட்டுப் பூட்டுக்களிற் பெரும்பாலானவை அமெரிக்கரான லைனஸ் யேல் 1861இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தவை. உள்ளே ஐந்தாறு சிறு ஊசிகள். திறப்பின் வெட்டுக்கள் அவற்றை உரிய உயரத்திற்குத் தூக்கினால் உருளை சுழலும். ஒவ்வொரு வெட்டின் ஆழமும் தொழிற்சாலை வகுத்த சில படிகளுள் ஒன்றேயாம். ஆகவே, திறப்பு என்பது உலோகத்தில் வெட்டிய ஐந்தாறு இலக்க எண். பழகிய கண் அதை வாசித்துவிடும்.

2008இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர்கள், ஏறத்தாழ 60 மீற்றருக்கு அப்பால் மேசைமீது கிடந்த திறப்பை மாடியிலிருந்து படம்பிடித்து, அவ்வெண்ணைக் கணினியாற் கண்டறிந்தனர். அமெரிக்க விமான நிலையச் சோதனையாளரின் பொதுத் திறப்புக்கள் 2014இல் பத்திரிகைப் படமொன்றில் வெளியாகின; மறு ஆண்டே அவற்றின் படிகள் அச்சுப்பொறியில் வார்க்கப்பட்டன.

சேலைத் தலைப்பில் திறப்பை முடிந்துவைத்த பாட்டிமார் இவ்வகையில் மேலானவர்கள். உறையிட்ட பையும் போதும். புதுமனையின் திறப்பைக் கையிலேந்திப் படமெடுத்து உலகிற்குக் காட்டியோர், பூட்டின் உருளையை மாற்றிவிடுவதே நன்று, கதவை மாற்றவேண்டியதில்லை.