மூங்கில் கம்பும் முழங்காலும்

கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரத்தில், வெள்ளியங்கிரி ஏற வருகிறவர்கள் முதலில் தேடுவது மூங்கில் கம்பைத்தான். தாத்தாக்களை விடுங்கள், வாட்டசாட்டமான கல்லூரி அண்ணன்கள்கூட ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்கிறார்கள். ஏழு மலை ஏற வேண்டும். அதைவிடப் பெரிய வேலை, ஏழையும் இறங்க வேண்டும். அமெரிக்காவில் அப்பலாச்சியன் பாதை என்று ஒன்று இருக்கிறது. நீளம் சுமார் 3,500 கிலோமீட்டர். மாதக்கணக்கில் அதை நடந்தே கடக்கிறவர்களில் பலர் கைக்கொரு கம்பு வைத்திருப்பார்கள்.

மலை ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் மறுநாள் காலை எழுந்ததும் தொடை வலிக்கிறதே, அது பெரும்பாலும் இறங்கியதால் வந்த வலி. இறக்கத்தில் ஒவ்வோர் அடியிலும் உடம்பு கீழே விழப் பார்க்கிறது. விழாமல் பிடித்து நிறுத்துவது முன்தொடைத் தசை. ஏறும்போது அது சுருங்கி வேலை செய்யும். இறங்கும்போதோ நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும். இதில்தான் தசை இழைகள் நொந்துபோகின்றன. முழங்கால் மூட்டுக்கும் நல்ல அடி.

கம்பு ஊன்றினால் இது எவ்வளவு குறையும்? 1999-இல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 25 பாகைச் சரிவு ஒன்றில் சிலரைக் கம்புகளோடும் கம்பில்லாமலும் இறங்க வைத்து அளந்து பார்த்தார்கள். கம்போடு இறங்கியபோது முழங்காலில் விழும் விசைகள் 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்தன. அடிக்கு அடி இப்படிக் குறைந்தால், ஆயிரக்கணக்கான அடிகளுக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

குறைந்த சுமை எங்கே போனது? கைக்கும் தோளுக்கும் போனது. அதனால் கம்போடு நடந்தால் களைப்பே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கையும் சேர்ந்து உழைப்பதால், சமதளத்தில் இதயத் துடிப்பு சற்றுக் கூடவே செய்யும். மொத்த வேலையைக் கம்பு குறைப்பதில்லை. கால் ஒன்றே சுமந்ததைப் பங்கு போட்டுக் கொடுக்கிறது.

சரி, கம்பு ஏன் உள்ளே வெற்றாக இருக்கிறது? ஒரு சோதனை செய்வோம். இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே ஒரு தாளைப் பாலம்போல வையுங்கள். மேலே சில நாணயங்களை வைத்தால் தொய்ந்துவிடும். அதே தாளைக் குழலாகச் சுருட்டி ஒட்டி வைத்தால் அந்த நாணயங்களைத் தாங்கும். ஒரு தண்டு வளையும்போது அதன் ஒரு பக்கம் இழுபடுகிறது, எதிர்ப் பக்கம் நசுங்குகிறது; நடுவில் இருப்பதற்கு அதிக வேலையில்லை. நடுவை எடுத்துவிட்டால் எடை குறையும், உறுதி பெரிதாகக் குறையாது. அலுமினியக் கம்பு குழாயாக இருப்பது இதனால்தான். மூங்கில் இன்னும் கெட்டிக்காரன். குழாய் வளையும்போது முதலில் தட்டையாகும், பிறகு மடியும். அப்படித் தட்டையாக விடாமல் மூங்கிலின் கணுக்கள் தடுக்கின்றன. போதாததற்கு, வலுவான நார்களை வெளித்தோல் பக்கமாகவே நெருக்கமாக அடுக்கி வைத்திருக்கிறது. பிசினில் இழைகளை வைத்துச் செய்யும் விலையுயர்ந்த கார்பன் கம்பும் இந்த நார் வித்தையைத்தான் செய்கிறது.

கடையில் வாங்குவதானால் நான் அலுமினியத்துக்கே ஓட்டுப் போடுவேன். கார்பன் எடை குறைவு. ஆனால் பாறை இடுக்கில் சிக்கினால் படக்கென்று முறியும். அலுமினியம் பெரும்பாலும் வளையும், வளைந்த கம்பை ஊன்றியாவது வீடு வந்து சேரலாம். முனையில் இருக்கும் டங்ஸ்டன் கார்பைடு மிகக் கடினமானது, மண்ணிலும் பாறையிலும் நன்றாகப் பற்றும். தார்ச் சாலையில் மட்டும் ரப்பர் மூடி மாட்டிக்கொள்ளுங்கள்.

உயரம் முக்கியம். சமதளத்தில் நின்று கம்பை ஊன்றினால் முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும். ஏற்றத்தில் 5 முதல் 10 செ.மீ. குறைத்துக்கொள்ளுங்கள், இறக்கத்தில் அதே அளவு கூட்டுங்கள். மூங்கிலில் இந்தத் தொல்லையே கிடையாது. தோள் உயரத்துக்கு ஒன்று வாங்கினால் ஏறும்போது தாழ்வாகவும் இறங்கும்போது மேலேயும் பிடித்துக்கொள்ளலாம். இறங்கும்போது கம்பை முதலில் ஊன்றி, அது வழுக்கவில்லை என்று தெரிந்தபின் காலை வையுங்கள்.

இன்னொன்று. வெள்ளியங்கிரி யானைகள் நடமாடும் காடு, மூங்கில் அவற்றின் தீனி. கம்பு வேண்டுமென்று வழியில் நிற்கும் மூங்கிலை ஒடிக்காதீர்கள்; அடிவாரத்திலேயே விலைக்குக் கிடைக்கிறது.