கியர் பெட்டிக்கு எந்த ஆயில்?
சொந்த வண்டி வைத்திருக்கும் வணிகர்கள் கவனத்துக்கு

கடைக்குச் சொந்தமாக ஒரு சரக்கு வண்டி என்பது ஒரு காலத்தில் மொத்த வியாபாரிகளுக்கே உரியதாக இருந்தது. 1986-ல் டாடா 407, 2005-ல் டாடா ஏஸ், 2011-ல் அசோக் லேலண்டு தோஸ்த் என்று சிறிய வண்டிகள் ஒவ்வொன்றாக வந்த பிறகு நிலைமை மாறியது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், கூடுவாஞ்சேரி வட்டாரங்களில் நடுத்தர மளிகைக் கடைக்காரர்கூட இன்று வண்டி வைத்திருக்கிறார். நள்ளிரவுக்குப் பின் புறப்பட்டு, பெருங்களத்தூரில் பைபாஸ் ஏறி, மதுரவாயல் வழியாகக் கோயம்பேடு போய், சரக்கு ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் கடை திரும்புவது பலருக்கு அன்றாட வேலை. அந்த வண்டி ஒரு நாள் நின்றால் வாடகை வண்டி தேட வேண்டும். அது கிடைக்கத் தாமதமானால் கடையில் காய் இருக்காது. வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

வண்டி நிற்பதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் எளிதில் தவிர்க்கக்கூடிய ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை. எஞ்சின் ஆயிலைக் குச்சி விட்டு அளந்து பார்க்கிற நாம், கியர் பெட்டிக்குள் என்ன ஆயில் இருக்கிறது என்று கேட்பதில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் "கியர் ஆயில் ஒரு டின்" என்கிறோம். "தொண்ணூறா?" என்று கேட்கிறார்கள். "ஆமாம்" என்று வாங்கி வந்து ஊற்றிவிடுகிறோம். அந்த ஒரு கேள்வியும் ஒரு பதிலும் போதாது என்பதை வணிகப் பெருமக்கள் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரே வண்டி, இரண்டு பெட்டி

எஞ்சினை அடுத்து இருப்பது கியர் பெட்டி. அங்கிருந்து நீண்ட தண்டு ஒன்று பின் அச்சுக்குப் போகிறது. பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தெரியும் பகுதியைத்தான் டிரைவர்கள் 'கிரவுன்' என்கிறார்கள். இரண்டிலும் பற்சக்கரங்கள், இரண்டிலும் ஊற்றுவது கியர் ஆயில். ஆனால் உள்ளே நடக்கும் வேலை வேறு வேறு.

கிரவுனில் சிறிய பினியன் சக்கரம் பெரிய கிரவுன் சக்கரத்தின் மையத்துக்கு நேராக இல்லாமல் சற்று விலகி அமைந்திருக்கும். இதற்கு ஹைபாய்டு அமைப்பு என்று பெயர். இதில் பற்கள் ஒன்றன் மேல் ஒன்று உருள்வதோடு, கடும் அழுத்தத்தில் வழுக்கி உரசவும் செய்கின்றன. சாதாரண ஆயிலின் படலம் இந்த அழுத்தத்தில் கிழிந்துவிடும்; இரும்போடு இரும்பு உரசும். அதைத் தடுக்கவே கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்தை ஆயிலில் அதிகமாகச் சேர்க்கிறார்கள். சூடு ஏறும்போது அந்த மருந்து எஃகுப் பல்லின் மேல் மெல்லிய காப்புப் பூச்சாகப் படிகிறது.

கியர் பெட்டியின் கதை வேறு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றுகிறோம். அப்போது வேறு வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பாகங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டு வர 'சிங்க்ரோ ரிங்' என்ற வளையம் இருக்கிறது. பல வண்டிகளில் இது பித்தளையால் ஆனது. கூம்பு வடிவமான பாகத்தின் மேல் இந்த வளையம் அழுந்தி, பிரேக் போலப் பிடித்து, வேகத்தைச் சமமாக்கிய பிறகுதான் கியர் சத்தமில்லாமல் விழும். ஆகவே இங்கே வழுக்கலும் வேண்டும். கொஞ்சம் பிடிப்பும் வேண்டும். கிரவுனுக்கென்று செய்த ஆயிலை இங்கே ஊற்றினால் இரண்டு கெடுதல்கள் வரலாம். வளையம் பிடிக்காமல் வழுக்கும், கியர் கத்தும். அதிக அளவில் உள்ள கந்தக மருந்து, சூட்டில் பித்தளையை அரிக்கவும் கூடும். ஒரே நாளில் எதுவும் தெரியாது. மாதக்கணக்கில் வளையம் தேய்ந்த பிறகு, கியர் பெட்டியை இறக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

டின்னில் என்ன எழுதியிருக்கிறது?

டின்னில் இரண்டு விவரங்கள் இருக்கும். முதலாவது எஸ்.ஏ.இ. என்ற எழுத்துகளோடு வரும் எண்: 80டபிள்யூ-90, 75டபிள்யூ-80, 85டபிள்யூ-140 என்பது போல. இது ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டும் சொல்கிறது. 'டபிள்யூ' உள்ள முதல் எண் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு. இரண்டாவது எண் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கு. கியர் ஆயிலின் 90 என்ற எண்ணைப் பார்த்து, அது 40-ம் எண் எஞ்சின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் அளவுகோல் வேறு. கியர் ஆயில் 90-ன் கெட்டித்தன்மை ஏறக்குறைய எஞ்சின் ஆயில் 40, 50 அளவுதான்.

இரண்டாவது விவரம் ஏ.பி.ஐ. என்ற எழுத்துகளோடு வரும் வகை: ஜி.எல்.4 அல்லது ஜி.எல்.5. நாம் கவனிக்கத் தவறுவது இதைத்தான். ஜி.எல்.5 என்பது ஹைபாய்டு கிரவுனின் கடுமையான உரசலுக்கானது. ஜி.எல்.4-ல் அந்த மருந்து ஏறக்குறைய பாதி அளவே இருக்கும்; சிங்க்ரோ ரிங் உள்ள பல கியர் பெட்டிகளுக்கு இதையே கேட்கிறார்கள். இரண்டு டின்னிலும் 80டபிள்யூ-90 என்றே அச்சிட்டிருக்கலாம். 25 கிலோ சிப்பம் என்று மட்டும் சொன்னால் உள்ளே இருப்பது பச்சரிசியா, புழுங்கலரிசியா என்று தெரியுமா? அதே போலத்தான் 'தொண்ணூறு' என்று மட்டும் சொல்வது.

நான்கைவிட ஐந்து பெரிது, ஆகவே அதுதான் உயர்ந்த சரக்கு என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. விலை கூடுதலாகக் கொடுத்தே அதை வாங்கி கியர் பெட்டியில் ஊற்றுபவர்களும் உண்டு. இந்த எண்கள் தரவரிசை அல்ல, வேலையைக் குறிப்பவை.

விதிவிலக்குகளும் உண்டு. இரண்டு வேலைக்கும் பொருந்துமாறு செய்து, ஜி.எல்.4, ஜி.எல்.5 இரண்டையும் டின்னில் குறிப்பிடும் ஆயில்கள் இருக்கின்றன. சில கியர் பெட்டிகளுக்குக் கம்பெனியே ஜி.எல்.5 கேட்கும், சிலவற்றுக்கு எஞ்சின் ஆயில், சிலவற்றுக்குச் சிவப்பு நிற ஏ.டி.எஃப். ஆயில். சிங்க்ரோ இல்லாத கனரக கியர் பெட்டிகளுக்கு எம்.டி.1 என்று தனி வகையே உண்டு. 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகள் சிலவற்றில் அதிக கிலோமீட்டர் தாங்கும் சிந்தெடிக் ஆயில் ஊற்றி அனுப்புகிறார்கள். ஆகவே பக்கத்துக் கடைக்காரர் வண்டிக்கு ஊற்றியதைக் கேட்டு நம் வண்டிக்கும் ஊற்றக்கூடாது. வண்டியோடு கொடுத்த புத்தகம் என்ன சொல்கிறதோ அதுவே முடிவு. புத்தகம் தொலைந்திருந்தால், சேசிஸ் எண்ணைச் சொல்லிக் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

வெயிலுக்காகக் கெட்டி ஆயில் வேண்டுமா?

"நம் ஊர் வெயிலுக்கு 140 ஊற்றினால்தான் தாங்கும்" என்ற பேச்சு பட்டறைகளில் இருக்கிறது. சத்தம் வரும் பழைய பெட்டியில் கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் சற்று அடங்கும் என்பது உண்மை. ஆனால் நோய் தீர்ந்துவிடாது, மறைந்து நிற்கும். அளவுக்கு மீறிய கெட்டி ஆயிலில் சிங்க்ரோ ரிங் ஆயிலைப் பிதுக்கித் தள்ளிவிட்டுப் பிடிப்பதற்கு நேரமாகும். காலையில் முதல் சில கிலோமீட்டருக்கு இரண்டாம் கியர் விழ மறுக்கும். டீசலும் கூடுதலாகச் செலவாகும். கோடை வெயிலுக்கு மாற்று எண் அனுமதி உண்டா என்பதும் புத்தகத்திலேயே இருக்கும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே பகுதிகளில் தண்ணீர் நின்றது. அத்தகைய நாட்களில் தண்ணீரில் நின்ற வண்டியை இழுத்து வந்ததும் எஞ்சினைத்தான் முதலில் பார்க்கிறோம். ஆனால் கியர் பெட்டிக்கும் கிரவுனுக்கும் மேலே, காற்று போய்வர 'பிரீதர்' என்ற சிறு துளை உண்டு. தண்ணீர் அதன் வழியாகவும், தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும் உள்ளே போகும். சூடான பெட்டி திடீரென்று தண்ணீரில் குளிர்ந்தால் உள்ளே உள்ள காற்று சுருங்கி, வெளியே இருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் கலந்த ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் இருக்கும். அப்படியே ஓட்டினால் பேரிங் துருப்பிடிக்கும். அச்சு மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் நின்ற வண்டிக்கு, மாற்ற வேண்டிய கிலோமீட்டர் வந்ததா என்று பார்க்காமல் இரண்டு ஆயிலையும் மாற்றிவிட வேண்டும்.

அறிகுறிகள்

கியர் கத்தும்போதெல்லாம் ஆயிலைக் குறை சொல்ல முடியாது. வண்டி நிற்கும்போது ரிவர்ஸ் உட்பட எல்லா கியருமே கத்தினால், பெரும்பாலும் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். ஓட்டத்தில் ஏதோ ஒன்றிரண்டு கியர் மட்டும் கத்தினால் சிங்க்ரோ ரிங்கைச் சந்தேகிக்கலாம். பழைய ஆயிலை வடிக்கும்போது ஒரு தட்டில் பிடித்துப் பாருங்கள். பொன்னிறத் துகள் மின்னி, காந்தத்தில் ஒட்டாமல் இருந்தால் அது பித்தளை, ரிங் தேய்கிறது. வடிகால் போல்ட்டின் காந்தத்தில் மாவு போல எஃகுத் தூள் ஒட்டியிருப்பது வழக்கமானது. சில்லுகளாக இருந்தால் பல் உடைகிறது என்று அர்த்தம். உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

உறுப்பினர்கள் செய்ய வேண்டியவை

1. கியர் பெட்டிக்கு ஒன்று, கிரவுனுக்கு ஒன்று என்று இரண்டு வரி எழுதி (எண், ஜி.எல். வகை, எத்தனை லிட்டர்) வண்டிக்குள் ஒட்டி வையுங்கள். டிரைவர் மாறினாலும் ஆயில் மாறாது.

2. லூஸ் ஆயில் வாங்க வேண்டாம். சீல் உடையாத டின்னை உங்கள் எதிரிலேயே திறக்கச் சொல்லுங்கள்.

3. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கவாட்டில் உள்ள லெவல் துளையின் கீழ் விளிம்பு வரை ஊற்றினால் போதும். தாராளமாக ஊற்றினால் நுரைக்கும். சீல் வழியாகக் கசிந்து கிளட்ச் பிளேட்டையும் நனைத்துவிடும்.

4. நெரிசலிலும் முழுச் சுமையிலும் ஓடும் வண்டிகளுக்குச் சில புத்தகங்களில் குறைந்த கிலோமீட்டர் கணக்கு தனியாகக் கொடுத்திருப்பார்கள். ஜி.எஸ்.டி. சாலையில் ஓடும் நம் வண்டிகளுக்கு அந்தக் கணக்கே பொருந்தும்.

5. தவறான ஆயில் ஊற்றியது தெரிந்தால் முழுவதையும் வடித்துவிட்டுச் சரியானதை ஊற்றுங்கள். மேலே கொஞ்சம் சேர்த்துச் சரிக்கட்ட முடியாது.

6. ஆயிலுக்குப் பில் வாங்குங்கள். கடை வேலைக்கு ஓடும் சரக்கு வண்டிக்கு வாங்கும் கியர் ஆயிலின் ஜி.எஸ்.டி. வரியை, வழக்கமான பதிவில் இருப்பவர்கள் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது கிடையாது.

7. வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். 2016-ம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டியது. அவர்களுக்குக் கொடுக்கும் பட்டறையாகப் பார்த்து ஆயில் மாற்றுங்கள்.

சிறிய வண்டிக்குக் கியர் ஆயில் சில லிட்டர்தான் பிடிக்கும். அதையும் ஆண்டில் பல முறை மாற்ற வேண்டியிருக்காது. கியர் பெட்டியை இறக்கி ரிங் மாற்றுவதானால் உதிரிப் பாகச் செலவோடு, வண்டி பட்டறையில் கிடக்கும் நாட்களின் வியாபாரமும் போகும். பொங்கல், தீபாவளி நேரத்தில் அந்த நாட்கள் வந்தால் நஷ்டம் எவ்வளவு என்பதை வணிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த முறை கடையில் "தொண்ணூறா?" என்று கேட்டால், "ஜி.எல். எத்தனை?" என்று திருப்பிக் கேளுங்கள்.